படுத்தபடியே ஓடும் பந்தயம்

அஜோக்கேவுக்கு ஒன்பது வயது. பள்ளி விளையாட்டு விழாவில் ஒருமுறைகூட அவள் ஓடியதில்லை. நாலு எட்டு வேகமாக வைத்தால் மூச்சு இரைக்கும், மறுநாள் கால் எலும்பெல்லாம் குடையும். அவளுடைய ரத்த அணுக்கள் பிறவியிலேயே அரிவாள் மாதிரி வளைந்தவை. அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி என்று கேட்காமலே வாங்கி வந்த சொத்து. அதனால் மஞ்சள் அணிப் பிள்ளைகள் மைதானத்தில் ஓடும்போது, அவர்கள் கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு இவள் காவல். காவலுக்கு உட்கார்ந்தவள் சும்மா இருப்பாளா? ஜோடிகளையெல்லாம் கலைத்து மாற்றி வைத்துவிடுவாள். ஓடி ஜெயித்தவர்கள் வீட்டுக்குப் போகும்போது நொண்டிக்கொண்டு போவதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆனந்தம்.

ஆனால் இபாதான் நகரில் இந்த நோய்க்கென்றே செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் சிக்கிள் செல் கிளினிக்கில் கதையே வேறு. அங்கே ஒரு பந்தயம் உண்டு, அதைப் படுத்தபடியே ஓடலாம்.

பந்தயத்தை நடத்துபவர் நர்ஸ் ஆன்ட்டி ஓயே. பிள்ளையைக் கட்டிலில் படுக்கவைத்து, நெற்றிப்பொட்டில் சில்லென்று களிம்பு தடவி, பேனா போன்ற கருவியை வைத்து அழுத்துவார். மூளைக்குப் போகும் ரத்தம் "விஷ், விஷ்" என்று இரையும். எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று திரையில் எண் வரும். அழக்கூடாது, தூங்கக்கூடாது, சிரிக்கக்கூடாது. அப்படி விதி இருந்தால் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? படுத்திருப்பவரைச் சிரிக்கவைக்கத்தான் பார்ப்பார்கள். மூக்குக்குள் நாக்கை விடப்போவதுபோல் அஜோக்கே காட்டும் வித்தைக்குச் சிரிக்காத பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் நெருக்கினால் தண்ணீர் பீறிட்டு அடிக்குமில்லையா, அதேதான் இங்கேயும். ரத்தக்குழாய் சுருங்கச் சுருங்க வேகம் ஏறும். நூற்றெழுபதுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. இருநூறைத் தொட்டால் பக்கவாதம் வாசலில் வந்து நிற்கிறது என்று பொருள். இதையெல்லாம் ஆன்ட்டி ஓயே தாய்மார்களிடம் குரலைத் தணித்துச் சொல்வார். பிள்ளைகளிடம் "சமர்த்து, எழுந்து போ" என்பதோடு சரி. பெரியவர்களுக்கு இந்தப் புத்தி எப்போதும் உண்டு. தலை யாருடையதோ அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் பேசுவார்கள்.

பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு: அதிக எண் வாங்கியவர் முதல். முதல் தடவையே அஜோக்கே நூற்று எண்பத்தெட்டு வாங்கினாள். ஆறு மாதம் அவள்தான் ராணி. அவள் வந்தால் பெஞ்சில் இடம் விடவேண்டும்.

அப்புறம் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை பார்த்தால் நூற்று ஐம்பத்தெட்டு! பத்து வயது டிமேஜி நூற்று எண்பத்தொன்று வாங்கிப் பெஞ்சின் நடுவில் காலை அகட்டி உட்கார்ந்தான்.

"என்னடி, உன் ரத்தம் நத்தை மேல ஏறி வருதா?" என்றான். "அடுத்த தரம் வரும்போது கைத்தடி எடுத்துட்டு வரச் சொல்லு."

அன்று வீட்டுக்குப் போகும் வேனிலேயே அஜோக்கே கணக்குப் போட்டாள்: மாத்திரைக்கு முன்னால் நூற்று எண்பத்தெட்டு, பின்னால் நூற்று ஐம்பத்தெட்டு. வியாதியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாத பிள்ளை, மருந்து என்ன செய்கிறது என்பதைத் தானே சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள்.

மறுநாள் காலை ஓகிக் கஞ்சியோடு அம்மா நாக்கில் வைத்த மாத்திரை கன்னத்துக்குள் ஒதுங்கியது. அம்மா அக்காரா வடை சுடத் திரும்பியதும் இரும்புக் கட்டிலின் கால் மேலிருந்த குமிழைத் திருகி, குழாய்க்குள் போட்டாள். "டிங்" என்று சத்தம் வந்தது. அதை மறைக்க இருமினாள். தினமும் டிங், தினமும் இருமல். சளி பிடித்துவிட்டது என்று அம்மா நெஞ்சில் தைலம் தேய்த்ததுதான் மிச்சம்.

மூன்று மாதம் கழித்து அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. அஜோக்கே சிலைபோல் படுத்தாள். "விஷ், விஷ்" என்பது இந்தத் தடவை சீறலாகக் கேட்டது.

"நூத்தித் தொண்ணூத்தாறு!" என்று துள்ளி எழுந்தாள். "டிமேஜி எங்க? யாராச்சும் அவனக் கூட்டிட்டு வாங்க!"

"படு. இன்னொரு தரம் பாக்கணும்," என்றார் ஆன்ட்டி ஓயே.

"எதுக்கு? தோத்தவனுக்காக எத்தனை தரம் நடத்துவீங்க?"

மூன்று தடவை பார்த்தார். மூன்றிலும் அதேதான். அவர் முகம் போன போக்கு அஜோக்கேவுக்குப் பிடிக்கவில்லை.

"அஜோக்கே அம்மா, மாத்திரை ஒழுங்கா குடுக்கறீங்களா?"

"என்ன கேள்வி இது? எண்ணெயில அக்காரா கருகினாலும் கருகட்டும்னு விட்டுட்டு வந்து, என் கையாலயே நாக்குல வெக்கறேன். என் புள்ளைக்கு நான் குடுக்கமாட்டேனா?"

"அப்ப அந்த அளவு போதல. டாக்டர்கிட்ட சொல்லி ஏத்தச் சொல்றேன். அதுக்கும் அடங்கலன்னா மாசாமாசம் ரத்தம் ஏத்தவேண்டி வரும்."

அம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தலைத்துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெயித்ததற்கு ஏன் இவள் அழுகிறாள்? அஜோக்கேவுக்குக் குழப்பமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அப்போதுதான் அப்பாவின் தோளைப் பிடித்தபடி டிமேஜி வந்தான். வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். வலது கை பக்கத்தில் தொங்கியது. வாய் ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. அந்த ஊரில் பெரியவர்களைக் கண்டால் ஆண்பிள்ளை நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடவேண்டுமே, அதற்காகக் குனிந்தான். ஒரு கைதான் தரையில் ஊன்றியது. முழங்காலிலேயே நின்றுவிட்டான்.

"ஆன்ட்டி, இன்னிக்குப் பாதிக் கும்பிடுதான்," என்றான். சொற்கள் ஒவ்வொன்றாக, வழுக்கிக்கொண்டு வந்தன. "மீதிப் பாதி இன்னும் தூங்குது."

ஆன்ட்டி ஓயே அவனை அள்ளித் தூக்கினார். அவன் கண் அஜோக்கேவைத் தேடியது.

"நான் இருநூத்திப் பன்னெண்டு. பெரிய ஆஸ்பத்திரியில எடுத்தாங்க. நீ தோத்தே."

அவள் அவனுடைய எண்ணைக் காதில் வாங்கவே இல்லை. "கைக்கு என்னடா ஆச்சு?"

"அதனாலதான் ஆச்சு. மூளைக்குப் போற குழாய் அடைச்சிக்கிச்சாம். கிளாஸ்ல எழுதிட்டே இருந்தேன், பேனா விழுந்துச்சு, நானும் விழுந்தேன். ரத்தம் வேகமா ஓடினா அது கெட்டதாம். எனக்கே இப்பத்தான் சொன்னாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான். "நீ எவ்வளவு?"

அஜோக்கே தன் வலது கை விரல்களை மடக்கிப் பார்த்தாள். மடங்கின. ஆன்ட்டி ஓயேயின் வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அளவ ஏத்தாதீங்க ஆன்ட்டி. நான் ஒண்ணுகூட முழுங்கல."

"என்னது?"

"எல்லாம் கட்டில் காலுக்குள்ள இருக்கு."

அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. "மூணு மாசமா அந்தக் கட்டில்லதானடி நானும் படுத்திருக்கேன்! என் தலைமாட்டுலயே மருந்துக்கடை வெச்சு நடத்தினியா? அந்த இருமலுக்கு நான் எத்தனை தைலம் தேச்சிருப்பேன், பாவி!" அடிக்க ஓங்கிய கை, மகளின் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டது. வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

ஆன்ட்டி ஓயே சிரிக்கவில்லை. "இவளுக்கு நான்தான் சொல்லியிருக்கணும்," என்றார். "அவனுக்கும்தான். இத்தனை மாசமா இதே கட்டில்ல படுக்கவெச்சு, ஒரு வார்த்தை சொல்லல." கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவமானம்தான், வேறென்ன.

"அழாதீங்க ஆன்ட்டி," என்றான் டிமேஜி. "இருநூத்திப் பன்னெண்டு இங்க யாரும் வாங்கல. அதனால நான்தான் சாம்பியன். இனிமே ரூல் நான் போடுவேன். யாருக்குக் கம்மியோ அவங்கதான் முதல்."

"அப்ப நீதான்டா கடைசி!" என்றாள் அஜோக்கே, அம்மாவின் வயிற்றிலிருந்து முகத்தை எடுத்து.

"தெரியும். எனக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்துவாங்க. அடுத்த தரம் நூத்தம்பது வாங்கிக் காட்டறேன்."

"நான் நூத்தி நாப்பது."

"மாத்திரைய கட்டிலுக்குக் குடுக்கறவளா? பந்தயம் கட்டுவியா?"

"கட்டறேன்!"

பந்தயம் என்றால் கை அடிக்கவேண்டும். டிமேஜி கையை நீட்டினான். நீட்டியது இடது கை என்று பாதியில்தான் அவனுக்கு உறைத்தது. பெரியவர்கள் இத்தனை பேர் எதிரில் யார் இடது கையை நீட்டுவார்கள்? முகம் சுருங்கி, சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

அஜோக்கே அவனையே பார்த்தாள். பிறகு நல்ல வலது கையைப் பாவாடைக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டு, இடது கையை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அடிடா, கடைசி!" என்றாள்.

அடித்தான். ஒரு பெரியவரும் ஏன் என்று கேட்கவில்லை.