கவிழ்த்த ஏஸ்கள்

சுன்னிவா தன் சீட்டுகளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், எதிரே இருந்த பந்தயச் சில்லுகள் அத்தனையையும் மேசை நடுவே தள்ளினாள். மறுபடியும்.

அவள் கணவன் தோர்கைர் தன் இரண்டு சீட்டுகளின் ஓரத்தை விரலால் தூக்கினான். இரண்டும் ஏஸ். போக்கரில் கைக்கு வரக்கூடியதில் இதைவிடப் பெரியது கிடையாது.

ஞாயிறு மதியங்களில் இந்தச் சமையலறையில் ஆறு பேர் ஆடுவார்கள். அக்டோபரில் மகள் இங்வில்டை அடக்கம் செய்தபின் பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மிஞ்சியது கணவனும் மனைவியும், அவள் தம்பி ஹால்வார்டும்தான். மூன்று பேர் ஆட்டம் வேறு மாதிரி. நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தால், கட்டாயப் பந்தயம் கட்டிக் கட்டியே கை காலியாகிவிடும். சுமாரான சீட்டோடும் இறங்க வேண்டும். அதிலும் எது வந்தாலும் இறங்குகிற ஆளை மிரட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு பெரிய சீட்டு வரும்வரை பொறுத்து, வந்ததும் அடித்துவிட வேண்டும்.

சுன்னிவா அப்படிப்பட்ட ஆளாக இருந்ததில்லை. காப்பியைக் குடித்தபடி சீட்டுகளைக் கவிழ்த்துக்கொண்டே இருப்பாள். அவள் ஒரு சில்லை நகர்த்தினால் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள். இப்போதோ ரெண்டும் ஏழும் மாதிரி மட்டமான சீட்டு வந்தாலும் மொத்தத்தையும் தள்ளினாள். தோற்றதும் தலையை ஆட்டிக்கொண்டாள், தனக்கு வரவேண்டியது சரியாக வந்து சேர்ந்ததுபோல.

"என்ன மச்சான், அடைகாக்கிறீங்களா?" என்றான் ஹால்வார்டு. "குஞ்சு பொரிச்சதும் சொல்லுங்க, நான் போய்த் தூங்கி எழுந்து வரேன்."

தோர்கைர் சீட்டுகளைக் கவிழ்த்துத் தள்ளினான். "எனக்கு வரல. நீயே எடுத்துக்க."

சுன்னிவா எட்டி அவற்றைத் திருப்பினாள். ஹால்வார்டின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுதான் வராத சீட்டா?"

"ஏதோ... தோணல, விடு."

"கடைக்குப் போனா வரிசையை விட்டு விலகி எனக்கு வழி விடுறாங்க. என்னைப் பாத்ததும் குரலைத் தாழ்த்துறாங்க. இங்க நீயும் அதையே பண்றியா?" அவள் குரல் உயரவில்லை. "கடல்ல எண்ணெய் ரிக்கு வேலைக்குக் கிளம்புறப்போ என்ன சொல்லிட்டுப் போன? பனியில வழுக்காத குளிர்கால டயரை மாத்தாம வண்டியை யாருக்கும் குடுக்காதன்னு சொன்ன. நான் மாத்தல. சாவியைக் குடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தி நீ ஒரு வார்த்தை கேக்கல."

கடலிலிருந்து அவனைக் கொண்டுவந்த ஹெலிகாப்டரிலேயே அந்தக் கேள்வி அவனிடம் வந்துவிட்டது. மகளின் சவப்பெட்டியைச் சுமந்தபோதும் கூடவே இருந்தது. விழுங்கிக்கொண்டால் அவளாவது பிழைப்பாள் என்று நம்பியிருந்தான்.

"சீட்டைப் போடுடா" என்றாள் தம்பியிடம்.

"அக்கா, போதும்க்கா."

"போடுன்னேன்."

ஹால்வார்டு போட்டான். அவள் பார்க்காமலேயே தள்ளினாள். ஹால்வார்டு தன்னுடையதைக் கவிழ்த்துவிட்டான். தோர்கைரிடம் ஒரு ராஜாவும் ஓர் எட்டும், வேறு வேறு இனம். ஆறு பேர் ஆட்டத்தில் யோசிக்காமல் எறிந்திருப்பான். இன்று இவளுக்கு எதிரே இது போதும்.

"வரேன்" என்று சில்லுகளைத் தள்ளினான். ஒன்றிரண்டு தரையில் விழுந்தன. குனியவில்லை. "ஏன் மாத்தல, சுன்னிவா?"

அவள் உடனே பதில் சொன்னாள். எத்தனையோ முறை தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்த பதில் அது.

"வெளிய வெறும் மழைதான்னு நெனச்சேன். பாலத்துல தண்ணி உறைஞ்சு வழுக்கும்னு தெரியல. அம்மா, சாவி எங்கன்னு அவ ரெண்டு தடவை கேட்டா. நான் அடுப்புல மீன் வதக்கிட்டிருந்தேன். ஆணியில தொங்குது, எடுத்துக்கோன்னேன். திரும்பல, தோர்கைர். அவ முகத்தைக்கூட நான் திரும்பிப் பாக்கல."

அடக்கத்தன்று தேவாலயத்தில் அழாதவள் அப்போது அழுதாள். அழுகை என்று சொல்ல முடியாத, இழுத்து இழுத்து வந்த ஒரு சத்தம். தோர்கைர் எழுந்து சுற்றி வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். தொடலாமா என்று தெரியவில்லை. "நான் ஒரு ஃபோன் பண்ணி ஞாபகப்படுத்தியிருக்கலாம்" என்றான். "கேன்டீன்ல உக்காந்து பந்து ஆட்டம் பாத்துட்டிருந்தேன்."

சுன்னிவா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

ஹால்வார்டு மேசை நடுவே விரிக்கவேண்டிய பொதுச் சீட்டுகளைப் போடாமல், சீட்டுக்கட்டை அப்படியே கையில் பிடித்தபடி வெளியே போனான். பனியும் மழையும் கலந்து பெய்துகொண்டிருந்தது. கோட்டுகூட இல்லாமல் வேலியோரம் நின்றான். சன்னல் பக்கம் ஒருமுறை திரும்பினான். பிறகு கடலைப் பார்த்து நின்றுகொண்டு, நனைகிற சீட்டுக்கட்டைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.