உறை பிரிக்காத நூல்

கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட ஒரு முழம் நூல் கேட்டாள் எதிர்வீட்டுத் தங்கம்மாள். வீட்டில் நூல் இல்லை.

மீன் பிடிப்பவரின் வீடு அது. பீரோவின் கீழ்த்தட்டில் பதினோரு அளவில் தூண்டில் முள் இருந்தது. ஈயக் குண்டு, தக்கை, ரப்பர் தவளை எல்லாம் இருந்தன. கண்ணை உருட்டி விழிக்கும் பிளாஸ்டிக் மீன் ஒன்றும் இருந்தது. பழைய நைலான் துண்டு ஒன்று அகப்பட்டது. கட்டிப் பார்த்தார்கள். முடிச்சு தானாக நழுவ, அப்பாதுரையின் பாதங்கள் இரண்டும் அவர் பாட்டுக்கு எழுந்து போய்விடுவார் போல மெல்ல விலகிக்கொண்டன. கோடித் துணி வாங்கப் போன ஆள், கடை திறக்க எட்டு மணியாகும் என்று தேரடித் தெருவிலிருந்து போன் செய்தான். அப்போது மணி ஆறேகால்.

"பழைய வேட்டி ஒண்ணக் கிழிச்சிக் குடு கன்னியம்மா."

"இருக்கறது பூரா கிழிஞ்சதுதான். கிழிஞ்சதுல எத்த கிழிக்கறது?" என்றாள் கன்னியம்மாள். அவள் அழவில்லை. ஐந்து மணிக்கு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தபோது கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீயில் ஆடை படிந்துபோகிறதே என்று இரண்டு முறை திட்டினாள். மூன்றாவது முறை திட்டத்தான் அருகில் போனாள். அந்த டீ இன்னும் ஜன்னல் மேடையிலேயே இருந்தது.

"சீக்கிரம் எதனா குடுங்கப்பா. விறைச்சிட்டா அப்புறம் கால் சேராது" என்றாள் தங்கம்மாள்.

இளஞ்செழியன் பீரோவின் கீழ்த்தட்டில் கையை விட்டு ஆழத்தில் துழாவினான். அப்பாதுரைக்கு ஒரே மகன் அவன். வேங்கிக்காலில் வீடு, நில அளவையில் வேலை. செய்தி கேட்டுப் பதினைந்து நிமிடத்தில் பைக்கில் வந்துவிட்டான். கையில் அகப்பட்டது உள்ளங்கை அகலத்தில் ஒரு நூற்கண்டு. பச்சை நிறம், நான்கு இழைப் பின்னல், நூற்றைம்பது மீட்டர். எட்டு மாதத்துக்கு முன்பு அவனே வாங்கிக் கொடுத்தது.

அதன் மேலுறை பிரிக்கப்படவே இல்லை.

கண்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். பிறகு உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தான். விரல்களைச் சேர்த்து ஏழு சுற்றுச் சுற்றினான். மீன்காரர்களின் முடிச்சு எதுவும் அவனுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே முடிச்சை ஐந்து தடவை போட்டான். மிச்சத்தை அறுக்க வரவில்லை. கண்டை அப்படியே அப்பாவின் காலடியில், வேட்டிக்குள் தள்ளி வைத்தான்.

"கெட்டியா நிக்குது" என்றாள் தங்கம்மாள்.

போன தீபாவளிக்கு அப்பாவுக்கு ஒரு சுழல் தூண்டில் வாங்கித் தந்திருந்தான். கைப்பிடியோடு ராட்டினம் பொருத்திய நல்ல கோல். அதற்கு ஒரே ஒரு சுருள்தான். "இதுல ஒரு நூலுதான் சுத்த முடியும் செழியா. ஏரிக்கும் அணைக்கும், விராலுக்கும் கட்லாவுக்கும், எல்லாத்துக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒண்ணு சொல்லு" என்றார் அப்பாதுரை. மீனைக் குழம்பில் மட்டுமே அறிந்த இளஞ்செழியன் ஒரு சாயங்காலம் முழுக்க போனில் படித்துப் பார்த்துவிட்டு இந்தப் பச்சை நூலை வரவழைத்தான்.

அதிலிருந்து ஆரம்பித்தது.

அவன் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அப்பாவுக்கு போன் செய்வான். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு போன் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அம்மா சாப்பிட்டாங்களா, சாப்பிட்டாங்க, சரி வைக்கறேன். நாற்பது நொடி. நூல் வந்த பிறகு அது இருபது நிமிடமானது. சித்திரையில் ஒரு தடவை முக்கால் மணி நேரம் போய், அவன் மனைவி ஆர்த்தி காத்திருந்து பார்த்துவிட்டுத் தனியாகக் கடைக்குப் போய்விட்டாள்.

"நைலான் இருக்குதே, ரப்பர் மாதிரி நீளுது. மீன் துள்ளினா வாய் கிழியாது."

"அப்ப நைலானே சுத்திடுப்பா."

"ஆனா தூரத்துல கடிச்சா கைக்குத் தெரியாதே."

"அப்ப நான் வாங்கின பின்னல் நூலு."

"அது ஈ உக்காந்தாலும் கைக்குத் தெரியும். பாசிய அறுத்துக்கினு வரும். ஆனா பாறையில உரசினா பஞ்சாப் பிரிஞ்சிடும்."

"மூணாவதா ஒண்ணு இருக்குமே, கண்ணாடி மாதிரி?"

"அது தண்ணியில கண்ணுக்கே தெரியாது. ஆனா கம்பியாட்டம் சுருட்டிக்கும். வெலயும் ஜாஸ்தி. இரு, யோசிச்சிச் சொல்றேன். இன்னும் சுத்தல."

போன ஞாயிற்றுக்கிழமையும் இன்னும் சுத்தல என்றுதான் சொன்னார்.

எட்டு மணிக்கு மேல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மாலையைப் போட்டுவிட்டு, இளஞ்செழியன் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்.

"நீங்க வாங்கிக் குடுத்த நூலுங்களா சார் அது?" என்றார் டீக்கடை சரவணகுமார். "பதினாலு கிலோ கட்லா. அணையில ஒரு மணி நேரம் இழுத்துகினு நின்னாராம். நூலு அசையலியாம். எம் பையன் வாங்கின நூலு, ஜப்பான் நூலுன்னாரு."

"அது..." என்றான் இளஞ்செழியன்.

"மீனைப் பாக்கலாம்னு கேட்டேன். ரொம்பக் கெஞ்சிச்சாம், உட்டுட்டாராம்."

அடுத்து வந்தவர் பஸ் பணிமனையில் டயர் பிரிவில் அப்பாவோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஏரியில் விழுந்த ஒரு மொபெட்டை அந்த நூலால் அப்பாதுரை கரைக்கு இழுத்துப்போட்ட கதையை அவர் சொன்னார். வண்டியோடு அதன் சொந்தக்காரரும் வந்தாராம். சொந்தக்காரர் நனையவில்லையாம், ஹெல்மெட் போட்டிருந்ததால். மூன்றாவது ஆள் முதலைக் கதையோடு வந்தார். சாத்தனூர் அணையில் முதலை ஒன்று நூலைக் கடித்துவிட்டது. முதலைக்குப் பல் விழுந்தது. நூலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அந்தப் பல்ல என்ன பண்ணாரு?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார்.

"முதலையே எடுத்துகினு போயிடுச்சாம்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையசைத்தார்கள். அப்பாதுரையின் கதைகளை அந்தத் தெருவில் அப்படித்தான் கேட்பது வழக்கம். இளஞ்செழியனும் தலையசைத்தான். ஆனால் அவன் பார்வை வேட்டி விளிம்பில் பச்சையாகத் தெரிந்த நூலின் மேலேயே இருந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கூட வாங்கியிருக்கலாம். தெருவுக்கெல்லாம் ஒரு கதை, தனக்கு ஒரு கதை. உள்ளே கண்டு என்னவோ கடையிலிருந்து வந்தபடியே கிடந்திருக்கிறது. எட்டு மாதம் அப்பா தன்னிடம் எதைப் பேசிக்கொண்டிருந்தார் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அதைக் கேட்க ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்.

அந்த ஆள் பதினோரு மணிக்கு வந்தார். முருகையன், அப்பாவோடு ஏரிக்கரையில் உட்காரும் கூட்டாளி. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். பௌர்ணமி ஆனதால் கிரிவலக் கூட்டத்தோடு நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னார். மாலை எதுவும் கொண்டுவரவில்லை. காலடியில் குந்தி உட்கார்ந்தார். வேட்டியைக் கொஞ்சம் விலக்கி, நூலைக் கட்டைவிரலால் நெருடினார்.

"பிரிச்சிட்டியா?" என்றார்.

"வேற நூலு கிடைக்கல மாமா."

"ம்."

"மாமா, இத அப்பா ஏன் பிரிக்கவே இல்ல? புடிக்கலியா?"

முருகையன் வேட்டியை இழுத்து மூடினார். "மொதல்ல தூக்கற வேலையப் பாரு. மூணு மணிக்கு மேல ரோட்ட மூடிடுவான். அப்புறம் உங்கப்பனயும் கிரிவலம் சுத்தித்தான் எடுத்துகினு போவணும். உசுரோட இருக்கச்சொல்ல ஒரு வாட்டி சுத்துனதில்ல, இப்ப சுத்த வச்சா கோச்சிப்பான்."

இரண்டரைக்கு வண்டி தகன மேடைக்குப் போய்ச் சேர்ந்தது. எதிரே தண்ணீர்ப் பாட்டிலோடு பக்தர்கள் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். வண்டியைப் பார்த்துச் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அங்கே வேலை செய்யும் சுப்பன் மாலைகளை எடுத்தார். அரைஞாண் கயிற்றை அறுத்தார். கைக் கட்டை அவிழ்த்தார். கோடித் துணி வந்தபிறகு கட்டியது அது, உடனே வந்துவிட்டது. காலுக்கு வந்தார்.

"எந்தக் கட்டும் உள்ள போவக்கூடாது. அவுத்துடறேன்."

முடிச்சு அவிழவில்லை. கத்தியை வைத்தார். நூல் கத்தியின் மேல் வழுக்கியது. மறுபடி வைத்தார். மாலை வெட்டும் கத்தரிக்கோல் வந்தது. நூல் இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கி மறுபக்கம் வந்தது. சுப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நூலுங்க இது?"

"மீன் புடிக்கற நூலு" என்றான் இளஞ்செழியன்.

"மீனா, திமிங்கலமா?"

"அதாங்க அது!" என்றார் பின்னாலிருந்த சரவணகுமார். அவர் குரலில் பெருமைதான் இருந்தது. "பதினாலு கிலோ கட்லா." டயர் பிரிவு நண்பர் முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மொபெட் கதையையும் முதலைக் கதையையும் இத்தனை நாள் மரியாதைக்காகக் கேட்டவர்கள், இப்போது முறை வைத்துக் கத்தரிக்கோலை வாங்கி முயன்றார்கள். ஒருத்தரும் ஜெயிக்கவில்லை. அப்பாதுரை வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

"தள்ளுங்க" என்றார் முருகையன். "கத்திக்கு மசியாது. சூடுன்னா உடனே போயிடும். செழியா, கற்பூரம் கொண்டா."

இளஞ்செழியன் வெற்றிலையில் ஒரு கட்டியை வைத்துக் கொளுத்தினான். முருகையன் கண்டின் பக்கம் நீண்டிருந்த நூலை இழுத்துப் பிடித்துச் சுடரில் காட்டினார். சத்தமே இல்லாமல் அறுந்தது; கண்டை எடுத்து இளஞ்செழியனிடம் கொடுத்தார். பிறகு விரல்களுக்கு நடுவில் ஒரு ஈர்க்குச்சியை விட்டு நூலைத் தூக்கிக் கொடுத்தார். இளஞ்செழியன் சுடரை அப்பாவின் தோலில் படாமல் கொண்டுபோனான். வெற்றிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஏழு சுற்றும் ஒவ்வொன்றாக விட்டன. பாதங்கள் விலகவில்லை. அதற்குள் அப்படியே பழகிவிட்டிருந்தன.

"உங்களுக்கு எப்டி மாமா தெரியும், சூட்டுல போவும்னு?"

"அவன்தான் படிச்சிச் சொன்னான். அட்டையில போட்டிருக்கறத உறைக்கு மேலயே பூதக்கண்ணாடி வச்சிப் படிப்பான்."

வீட்டுக்கு வந்து குளித்தார்கள். வாசலில் விளக்கு வைத்திருந்தது. கன்னியம்மாள் உள்ளே பெண்களோடு இருந்தாள். இளஞ்செழியன் ஈரத் தலையோடு பின்கட்டுக்குப் போய், மூலையில் சாத்தியிருந்த சுழல் தூண்டிலை எடுத்தான். ராட்டினத்தின் மேல் ஒரு தலையணை உறை கட்டியிருந்தது. அவிழ்த்தான்.

சுருள் நிறைய நைலான் சுற்றியிருந்தது. புது நைலான் இல்லை. வெயிலில் மங்கி, நுனியில் பாசிக்கறை ஏறி, நடுநடுவே முடிச்சு விழுந்த நைலான்.

முருகையன் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னும் சுத்தலன்னாரே மாமா. யோசிக்கறேன்னு இல்ல சொன்னாரு."

"இன்னா யோசிக்கறது? பதினஞ்சி வருசமா நைலான்தான். நீ கோல் வாங்கிக் குடுத்த அன்னிக்கே சாயங்காலம் ஹார்டுவேர் கடையில வாங்கிச் சுத்திட்டான். நம்ம தண்ணிக்கு நைலான் போதும், நீளும், பொறுத்துப் போவும்."

"அப்புறம் எதுக்கு வாரா வாரம் எங்கிட்ட..."

முருகையன் கொடியில் துண்டைப் போட்டார். ஓரங்களை இழுத்துச் சமன் செய்தார்.

"ஞாயித்துக்கிழம ஆனா அவன் கரைக்கு வர மாட்டான். சனிக்கிழம எங்கிட்ட வந்து உக்காந்து, நாளைக்கு இன்னா கேக்கலாம்னு ரெண்டு பேரும் யோசிப்போம். தண்ணி மெதப்பு, முடிச்சு நிக்கறது, வெயில்ல வெளுக்கறது எல்லாம் நான் எடுத்துக் குடுத்தது. போன வாரத்தோட எனக்கும் தீந்துபோச்சி. அவன் விடல. கலரப் பத்தி ஒண்ணுமே பேசலியேன்னான். நாளைக்குக் கலருதான்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

உள்ளேயிருந்து கன்னியம்மாள் வந்தாள். கையில் காலை டீ டம்ளர், கழுவியது. இருவரையும் பார்த்தாள், கோலைப் பார்த்தாள். "அத எடுத்த எடத்துலயே வைடா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இளஞ்செழியன் தலையணை உறையை மறுபடி கட்டினான். முருகையன் செருப்பைத் தேடினார். வாசல் வரைக்கும் கூடப் போனான்.

"அந்தப் பச்ச நூலு மிச்சம் இருக்குது மாமா. நூத்தம்பதுல ஒரு முழம்தான் போயிருக்குது. ஏரிக்கு ஒத்து வருமா?"

முருகையன் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். தெருக்கோடியில் கிரிவலக் கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது.

"பட்டுனு சொல்ற விசயமா அது" என்றார். "கலர வேற பாக்கணும். காலையில பால் தெளிச்சிட்டு வந்து, பத்தரைக்குப் போன் பண்ணு. யோசிச்சிச் சொல்றேன்."

அவருடைய எண் இளஞ்செழியனிடம் இல்லை. அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அவன் இடது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பதிந்துகொண்டான். வலது கை சட்டைப் பைக்குள் கண்டைப் பிடித்திருந்தது. நூல் உருகி அறுந்த நுனி கடுகு போலக் கெட்டியாக விரலில் நெருடியது.