கோப்பாய் வரை நீண்ட கயிறு

பெப்ரவரி நான்காம் திகதி, யாழ்ப்பாணத்தில் நடந்த இலங்கைச் சுதந்திர தின விளையாட்டுப் போட்டியில், குருநகரும் கோப்பாயும் இழுத்த கயிறு நீளத் தொடங்கியது. அறவில்லை, தொய்யவும் இல்லை. நடுவில் கட்டிய சிவப்புத் துணி கோட்டின் மேலேயே நின்றது. இரண்டு அணிகளும் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தன. கயிறு நீளக்கூடாது என்று விதியில் இல்லாததால் நடுவர் விசில் ஊதவில்லை.

கோப்பாய் அணியின் கடைசி ஆள் செந்தூரன், கயிற்றை இடுப்பில் சுற்றியிருந்தான். எதிரணியின் கடைசி ஆள், ஸ்ரெல்லாவின் தகப்பன் செல்வரட்ணம். ஸ்ரெல்லாவைக் கட்டித்தரச் சொல்லிப் போன மாதம் செந்தூரன் கேட்டபோது, அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நீ சைவம், நாங்கள் வேதக்காரர். அதைக்கூடப் பொறுக்கலாம். வெங்காயம் புடுங்கிற கையை எப்பிடியடா நம்புறது? முதல் எங்களை இழுத்து விழுத்து. பிறகு வந்து பொம்பிளை கேள்."

ஆகவே செந்தூரனால் கயிற்றை விட முடியாது. இரு அணியிலும் மற்றவர்கள் களைத்து ஒவ்வொருவராக விட்டுப் போக, அவன் பின்புறமாகவே மைதானத்தை விட்டு வெளியேறி, கடைத்தெருவுக்குள் போனான். அவனுடைய கைகள் கயிற்றில் இருந்ததால் கண்டவர்கள் ஊட்டிவிட்டார்கள். சோனகர் கடையில் ஒருவர் வட்டிலப்பத்தை வாயில் வைத்தார். விகாரை வாசலில், மாத்தறையிலிருந்து வெள்ளை உடுப்போடு யாத்திரை வந்த ஒரு பெண், "கன்ன புதே" என்று சிங்களத்தில் மகனைச் சாப்பிடச் சொல்வதுபோலச் சொல்லிப் பாற்சோற்றைத் திணித்தாள். நல்லூரில் யாரோ திருநீறு பூசி மோதகம் கொடுத்தார்கள். இது தன்னுடைய நாடும்தானா என்று ஒவ்வொரு பெப்ரவரியிலும் யோசிப்பவன் அவன். அன்று வாய் நிறையச் சாப்பாடு இருந்ததால் யோசிக்கவில்லை.

பொழுதுபட, தன் வீட்டுப் படலைக்குள் முதுகுப்புறமாக நுழைந்தான். தாய் பாலேஸ்வரி கயிற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"சாப்பிட்டியோ?"

"யாழ்ப்பாணம் முழுக்கச் சாப்பிட்டன், அம்மா."

"அப்ப என்ரை புக்கையை ஆர் தின்னுறது?" என்று அவளும் ஒரு கவளம் ஊட்டினாள். போன் அடித்தது. அதை அவன் காதில் பிடித்தாள். மறுமுனையில் கடல் இரைந்தது. செல்வரட்ணம் பின்னால் போய்ப் போய்த் தன் வள்ளத்தில் ஏறியிருந்தார்.

"விட்டிட்டியோ?"

"இல்லை, மாமா."

"ஆரடா உனக்கு மாமா?" கயிறு ஒருதரம் வெடுக்கென்று இழுபட்டது. "நல்ல பிடிதான். நானும் விடன், நீயும் விடாய். இனி ஆர் ஆரை விழுத்துறது? வந்து பொம்பிளை கேள்."

"கை எடுக்க ஏலாதே, மாமா."

"அப்ப நாங்கள் வாறம்."

கட்டி வைப்பது விடுவதாகாது என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். செல்வரட்ணம் தன் நுனியை இறங்குதுறைத் தூணிலும், செந்தூரன் தன் நுனியைப் படலைப் பூவரசிலும் கட்டினார்கள். கல்யாணம் மாதா கோயிலிலும் நடந்தது, பிள்ளையார் கோயிலிலும் நடந்தது. போட்டியின் முடிவு இன்னும் அறிவிக்கப்படவில்லை.

கயிறு அப்படியே இருக்கிறது. குருநகர்ப் பக்கம் வலை காய்கிறது, கோப்பாய்ப் பக்கம் வெங்காயப் பிடிகள் தொங்குகின்றன. பெப்ரவரி நான்கு வந்தால் விரும்பியவர்கள் கொடி கட்டுகிறார்கள். விரும்பாதவர்கள் சேலை காயப்போடுகிறார்கள். காற்றடிக்கும்போது எல்லாம் ஒன்றாகத்தான் ஆடுகின்றன. வீட்டுக்கு முன்னால் பஸ் வரும்போது கொண்டக்டர், "அண்ணை, தூக்குங்கோ!" என்று கத்துவார். செந்தூரன் கயிற்றை உயர்த்திப் பிடிப்பான். பஸ் போய்விடும்.