பல்லில் படாத தண்ணீர்

அமலோற்பவம் தண்ணீர்ச் செம்போடு அண்ணன் கட்டிலை நெருங்கியதும் அண்ணன் பெண்சாதி பிளாரன்ஸ் எழுந்து குறுக்கே நின்றாள்.

“கொண்டு போ. சாமியார் நன்மை அப்பம் கொண்டு வாராரு. அது வாங்குமுன்ன பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது.”

“அண்ணன் கேக்காவளே மைனி. நாக்கப் பாருங்க, வறண்டு கெடக்கு.”

“சேசுவும் சிலுவையில தாகமாத்தான் கெடந்தாரு.”

“அவருக்குப் புளிச்ச காடியாவது குடுத்தாங்களே.”

“வேதம் நீ படிச்சுத் தாறியோ?”

அமலோற்பவம் செம்போடு பின்வாங்கினாள். கருவாடு விற்றுப் பிழைக்கிற விதவை, ஞாயிற்றுப் பூசைக்கே பாதியில் வந்து சேருகிறவள். பிளாரன்ஸோ மாதா சபையில் முன்வரிசை. பிளாரன்ஸுக்குத் தெரியாத கட்டளை மோட்சத்திலேயே கிடையாது என்று தெருவில் சொல்வார்கள். அவளுக்கும் அது கேலியாகப் பட்டதில்லை.

விடிந்தால், கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் ஆகமன காலத்து முதல் ஞாயிறு. கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல் பர்னபாஸ் நெஞ்சுச்சளிக் காய்ச்சலில் படுத்து, டாக்டரும் கையை விரித்துவிட்டார். அழுதுகொண்டிருக்க பிளாரன்ஸுக்கு நேரமில்லை. ஆண்டவர் வரப்போகிற வீடு. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தரையைக் கழுவி, மேசையில் வெள்ளைத்துணி விரித்து மெழுகுவர்த்தி வைத்தாள். கீழவைப்பாருக்குப் போயிருந்த சாமியார் திரும்பும்வரை உயிர் நிற்க வேண்டுமே என்பதுதான் அவள் கவலை. நன்மை வாங்காமல் புருஷன் போய்விட்டால் அவளால் தாங்க முடியாது. விடிந்ததிலிருந்து அவர் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“ஏளா, ஒரு வாய்” என்றார் இப்போதும்.

“இந்தா வந்துருவாரு. செத்த பொறுத்துக்கிடுங்க.”

அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்கவில்லை. பொறுமை வந்துவிட்டது என்று அவள் ஸ்தோத்திரம் சொன்னாள்.

உச்சி சாய்ந்த பிறகு தெருவில் மணிச்சத்தம் கேட்டது. உபதேசியார் மணியடித்துக்கொண்டு முன்னே வர, தெருவே முழந்தாளிட்டது. சாமியார் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, பர்னபாஸ் தன் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். மறுபடி உள்ளே கூப்பிட்டபோது பர்னபாஸின் முகம் தெளிந்திருந்தது.

நன்மையை எடுத்த சாமியாரின் கை பாதியில் நின்றது.

“நாக்கு இப்படி ஒட்டிக் கிடக்கிறதே. தண்ணீர் கொடுக்கவில்லையா?”

பிளாரன்ஸ் தலையை நிமிர்த்தினாள். காலையிலிருந்து ஒரு சொட்டுகூட கொடுக்காமல் காத்ததைச் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் பர்னபாஸ் முந்திக்கொண்டார்.

“குடுத்தா சாமி. நாந்தான் வேண்டாம்னுட்டேன்.”

“வேண்டாமென்று சொன்னாலும் நனைத்துவிட வேண்டும் அம்மா. சாகக் கிடக்கிறவனுக்கு இந்த ஒருசந்தி உபவாசமெல்லாம் கிடையாது. திருச்சபையே விலக்குக் கொடுத்திருக்கிறது.”

பாவசங்கீர்த்தனம் செய்த வாயால் பர்னபாஸ் சொன்ன முதல் பொய் அது. தனக்காகச் சொன்னது என்று பிளாரன்ஸுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. சாமியார் ஒரு கரண்டித் தண்ணீரில் நன்மையின் துணுக்கை வைத்துக் கொடுத்தார். அது இறங்குவதற்குள் பர்னபாஸுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சாகிறவர்களுக்கான அவஸ்தை எண்ணெய் பூசி முடித்துச் சாமியார் போன பிறகு அவள் செம்பைத் தூக்கி அவர் வாயில் ஊற்றினாள். எல்லாம் கடைவாய் வழியாகத் தலையணையில் வழிந்தது. விழுங்க அவருக்குத் தெம்பில்லை. அவள் பஞ்சை நனைத்து நனைத்து உதட்டில் வைத்தாள். சேசு மரி சூசை என்று அவர் காதில் சொல்லவேண்டியதை அமலோற்பவம்தான் சொன்னாள். கோயிலில் சாயங்காலத் திரிகால மணி அடிக்குமுன் மூச்சு நின்றது.

குளிப்பாட்டி, கோட்டு மாட்டி, கையில் செபமாலை சுற்றி நடுவீட்டில் கிடத்தினார்கள். பெண்சாதிக்கு உரிய இடமான தலைமாட்டில் பிளாரன்ஸ் உட்கார்ந்தாள். துஷ்டி விசாரிக்க வந்த மாதா சபைப் பேபி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ பாக்கியவதிளா. நன்மையோட போயிட்டாவ. எல்லாம் உன் செபம், உன் பக்தி.”

சுற்றியிருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அமலோற்பவம் கால்மாட்டில் இருந்தாள். நடந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் குனிந்து, அண்ணன் பாதத்தில் ஒட்டியிருந்த சோப்பு நுரையைச் சேலைத்தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல பேபி” என்றாள் பிளாரன்ஸ். “அவிய தண்ணி கேட்டாவ. காலையில இருந்து கேட்டாவ. இவ கொண்டாந்தா. நாந்தான் மறிச்சேன்.”

பேபி பிடித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் மெல்ல விட்டாள்.

பிளாரன்ஸ் எழுந்து கால்மாட்டுக்கு வந்தாள்.

“நீ அங்கன போய் இரு.”

“எதுக்கு மைனி? அது உங்க எடம்.”

“போ தாயி.”

அமலோற்பவம் தயங்கித் தயங்கிப் போய் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பிளாரன்ஸ் வாசலோரம் அமர்ந்தாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் அவளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் அவள் காலை மடக்கி வழிவிட்டாள்.