கொப்பரைக்குச் சொந்தக்காரர்கள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மொரீஷியஸில், ரோஸ் பெல் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் நான்கு மாதம் இரவு வேலை பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். வெளியே வந்த அன்று அங்கிருந்த எதையும் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த ஆலையில் ஒருநாளும் வேலை பார்க்காத ஒருவர் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி அங்கே வந்தார். ஒரு கொப்பரையைப் பார்க்க.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மின்னும் செம்பின் முன்னால் பழனியாண்டி, கருவறை முன் நிற்பவரைப் போல..."

பொய். அவர் கோயிலில்கூட அப்படி நின்றதில்லை என்று அவர் மனைவி பாக்கியம் சொன்னாள். "அந்த இரும்புக்கே தாலி கட்டியிருக்கலாம்" என்றும் சொன்னாள். இரும்பு இல்லை, செம்பு. அதை நான் திருத்தவில்லை.

2

கொப்பரை என்றால் அடுப்பில் வைக்கும் பாத்திரம் இல்லை. மூடிய பெரிய செப்புக் கலம். உள்ளே பாகு கொதிப்பதைப் பார்க்க ஒரு கண்ணாடி. நடுநடுவே கம்பியால் கொஞ்சம் பாகை எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்து, வெளிச்சத்தில் சர்க்கரைக் குருணையைப் பார்க்கவேண்டும். சரியான நேரத்தில் அடிக்கதவைத் திறந்து இறக்கவேண்டும். தாமதித்தால் உள்ளேயே இறுகிக் கல்லாகிவிடும்.

இந்தக் கொப்பரை முன்பு இருந்த பழைய ஆலையில் பழனியாண்டி இருபது வருஷம் இதைத்தான் செய்தார். கரும்பு வெட்டுக் காலம் தொடங்கும் நாளில் கண்ணாடிக்குக் கீழே மூன்று விரலால் திருநீறு பூசுவார்.

1937 வேலைநிறுத்தத்தில் எல்லாரோடும் அவரும் வெளியே வந்தார். வாசலைத் தாண்டியதும் நின்றார். உள்ளே கொப்பரை நிறையப் பாகு. திரும்பிப் போய் இறக்கிவிட்டு வந்தார்.

"யாருக்காகடா போனே?" என்றார்கள்.

"கொப்பரைக்காக."

"துரைக்கு வாலாட்டுற நாய்க்கு வாயைப் பாரு!"

ஒருவரும் நம்பவில்லை. பிறகு அவரோடு யாரும் உட்கார்ந்து டீ குடிக்கவில்லை. பத்து வருஷம் கழித்து முதலாளி ஆலையை மூடினார். கொப்பரை மட்டும் இந்த ஆலைக்கு வந்தது. பழனியாண்டியை யாரும் கூப்பிடவில்லை. அவர் கரும்புக் காட்டில் களை எடுக்கப் போனார்.

(இந்த இடத்தில் முதலாளிமாரைத் திட்டி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவும் இருந்தது. ஆனால் பழனியாண்டி அவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. எடுத்துவிட்டேன்.)

3

இனி வருவதை எனக்குச் சொன்னவன் கிளெமான். அந்தக் கொப்பரையின் இப்போதைய ஆள். அவர்கள் பேசியது கிரியோல், இந்தத் தீவின் பேச்சுமொழி. தமிழாக்குவது நான். எங்காவது என் குரல் கேட்டால் மன்னியுங்கள்.

"தொந்தோன், மறுபடியுமா? வீட்டிலே சோறு போடலியா?" பெரியவர்களை மாமா என்பதற்கு அவன் சொல்லும் வார்த்தை அது.

"என் கொப்பரையைப் பார்த்துட்டுப் போயிடறேன்."

"உங்க கொப்பரையா? மூணு வருஷமா அது என் பேச்சைத்தான் கேக்குது."

"கேக்கலே, தம்பி. பொறுத்துக்கிட்டிருக்கு."

கிளெமான் சிரித்தான். கண்ணாடிக்கு மேலே அவன் மாதா பதக்கம் ஒன்றைக் கம்பியால் கட்டியிருந்தான். கீழே, மங்கிப்போன மூன்று கோடுகள்.

"இதை ஏன் துடைக்காம வச்சிருக்கே?"

"துடைச்சா அது கோவிச்சுக்கும்."

பழனியாண்டி கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். பிறகு கேட்டார்: "ஒரே ஒரு தடவை. நான் இறக்கிக்கட்டுமா?"

4

இதை எழுதத்தான் நான் உட்கார்ந்தேன்.

மேற்பார்வைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். பாகு கெட்டால் போவது கிளெமானின் வேலை. வீட்டில் அவன் சம்பளத்தை நம்பி மனைவி ஜோசியானும் மூன்று பிள்ளைகளும். ஆனாலும் கம்பியைக் கொடுத்தான். ஏன் கொடுத்தான்? இரக்கமா? நான் எழுதிய கிளெமானை இங்கேதான் சந்தேகப்பட்டேன். அவனிடமே கேட்டேன். "நாளைக்கு இதையும் வேற எங்காவது கொண்டுபோவாங்க. அப்போ எனக்கு யாரு கம்பி கொடுப்பா?" என்றான்.

பழனியாண்டி பாகை எடுத்து, தேய்த்து, தூக்கிப் பிடித்தார்.

"இன்னும் ஆகலே."

கிளெமானும் பார்த்தான். "ஆயிடுச்சு, தொந்தோன். இறக்குங்க."

"பொறு. இதை எனக்குத் தெரியும்."

"எனக்கும்தான் தெரியும்! என் கொப்பரை."

"என் கொப்பரை."

இருவருக்கும் அதில் ஒரு ஆணிகூடச் சொந்தமில்லை.

5

அன்று என்ன ஆனது என்று கிளெமான் சொல்லவில்லை. அது எங்களுக்குள்ளே என்றான். எங்களுக்குள்ளே என்பதில் கொப்பரையும் சேர்த்தி.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் பெரியவர் சொன்னதே சரி. குருணை ஒரே அளவில், பளபளப்பாக... எழுதும்போதே எனக்குக் கூசியது. இன்னொரு முடிவில் களை பிடுங்கிய கைக்குப் பழைய கணக்கு மறந்துபோய், பாகு இறுகி, கிளெமான்...

இல்லை. அவன் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

உள்ளே பாகு இருக்க, நின்று திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டியவன் நான். இந்தக் கதையை முடிக்க, அந்த அடிக்கதவில் கைவைக்க, எனக்கு என்ன உரிமை? ஒரு பாத்திரத்தையாவது 'என்னுடையது' என்று சண்டை போட்டுக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதனால் என்ன பயன்?

நீங்கள் இதுவரை கூடவே நின்றுவிட்டீர்கள். கண்ணாடித் துண்டை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரு பக்கம் பழனியாண்டி, ஒரு பக்கம் கிளெமான். இருவரும் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

யோசிக்க நேரமில்லை. உள்ளே இறுகிக்கொண்டிருக்கிறது.