எந்தக் காதுக்கு?

பேருந்து நிலையங்களில் படுத்து, காய்ந்த ரொட்டியைக் கடித்து நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்த தம்பிக்காரன், தனக்கு கேமரா வாங்கும்போது மட்டும் தாராளப் பிரபு ஆகிவிட்டான். மிச்சத்தில்தான் அப்பாவுக்குக் காது மெஷின். "இங்க பாதி விலைதான்" என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டவனும் அவனே.

கடைக்காரர் தன் இரண்டு காதுகளையும் தொட்டுக் காட்டி, எந்தக் காதுக்கு என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வீடியோ காலில் அழைத்தான்.

சமையலறையில் நின்ற அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "யாருக்குடா தெரியும்? எந்தப் பக்கம் நின்னு கத்தினாலும் திரும்ப மாட்டேங்கிறார்."

"ரெண்டு வாங்கக் கட்டுப்படியாகாதுக்கா."

"ஒண்ணே அதிகம். அவர்கிட்ட பேச இந்த வீட்டுல யாரு இருக்கா?"

"அப்ப இருக்கிறதுலயே மலிவா ஒண்ணு எடுத்துடறேன். எப்படியும் செவிடன் காதுல ஊதின சங்குதானே!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அக்காவுக்குப் பின்னால் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அப்பா, தலை நிமிராமலே சொன்னார்.

"வலது காதுக்கு வாங்குப்பா. இடது எப்பவுமே நல்லாத்தான் கேக்குது."