ஏழாம் பக்கத்தில் தொடங்கியவள்

சின்னவளிடம் முப்பத்தொரு முதல் பக்கங்கள் இருந்தன. பியானோவில் எந்த இசைத் துண்டைக் கேட்டாலும் முதல் பக்கத்தை அள்ளிக் கொட்டிவிடுவாள். இரண்டாம் பக்கம் திரும்புகிற இடத்தில் கை நின்றுவிடும். "மிச்சத்த அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பாள். அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. அந்த அடுத்த வாரம் இதுவரை ஒருமுறைகூட வந்ததில்லை.

பியானோவோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர், ஆறாவது பாடத்தோடு போதும் என்று விட்ட தையல் வகுப்பு, பழகுநர் உரிமத்தோடு காலாவதியாகிப்போன கார் ஓட்டும் ஆசை என்று வீடு முழுக்கப் பாதிப் பாதியாகக் கிடந்தது. மாடி வீட்டில் இருந்த அக்கா ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். ஊசி போட்டுப் போட்டு நாக்கிலும் ஓர் ஊசி வைத்திருந்தாள். ஆரம்பசூரன் என்று ஆண்களைத்தான் சொல்வார்கள். அக்கா அதைப் பெண்ணுக்கு மாற்றித் தங்கைக்கு 'ஆரம்பசூரி' என்று பெயர் சூட்டினாள். சின்னவளின் கணவரும் சமயம் பார்த்து அதைப் பயன்படுத்திக்கொள்வார்.

கடையில் மட்டும் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, நடுப்புள்ளி கருவிழிக்கு நேரே வருகிறதா என்று பார்த்து, மூக்கில் உட்காரும் பட்டைகளை நெளித்து, ஆள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரில் இருக்கும் எழுத்துகளைக் கடைசி வரிவரை வாசிக்கும்வரை விடமாட்டாள். ஒரு கண்ணுக்கு மட்டும் லென்ஸ் போட்டு யாரை வீட்டுக்கு அனுப்ப முடியும்?

அந்தக் கடைக்குத்தான் ஒருநாள் காலை, அவள் பியானோ வாசிப்பாள் என்று அறிந்த பழைய வாடிக்கையாளரான லிஃப்ட் மெக்கானிக் வந்தார், உடைந்த கண்ணாடியும் தொங்கிய முகமுமாக.

"தபால்காரர் சைக்கிள்ல இருந்து விழுந்துட்டார்ம்மா. மணிக்கட்டு போயிடுச்சு" என்றார்.

அவர்கள் ஆறு பேர். மெக்கானிக், கணக்கு டீச்சர், பஸ் டிரைவர், பேக்கரிக்காரர், பல் டாக்டர், தபால்காரர். ஒருவருக்கும் சங்கீதம் சோறு போடவில்லை. எல்லாருக்கும் பியானோப் பைத்தியம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரொமான்டிக் காலத்து எட்யூட்கள் ஆறு உள்ள ஒரு தொகுப்பை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டு, ஒரே மேடையில் அடுத்தடுத்து வாசித்துக் காட்டுவதாகச் சபதம் செய்திருந்தார்கள். எட்யூட் என்றால் பயிற்சி என்று பொருள். பயிற்சிதானே என்று இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது. அதற்கென்றே பிறந்தவர்கள்கூட மேடையில் வியர்த்துப்போகிற சமாச்சாரம் அது. சபதத்துக்கு விதிகளும் உண்டு. புத்தகத்தில் போட்டிருக்கும் வேகத்தில்தான் வாசிக்க வேண்டும். தப்புச் சுரம் விழலாம். நிற்கக் கூடாது, பின்னால் திரும்பிப் போகக் கூடாது. யாராவது ஒருவர் நின்றாலும் ஆறு பேருடைய உழைப்பும் கணக்கில் சேராது.

"ஆறாவதுதான் இருக்கறதுலயே பேய். அதத்தான் அவர் வெச்சிருந்தார். ஏழு பக்கம். இன்னும் நாலு மாசந்தான் இருக்கு. இனிமே யார் வந்து எடுப்பா?"

"நான் எடுக்கறேன்" என்றாள் சின்னவள்.

சொல்லிவிட்ட பிறகுதான் அவள் சொன்னது அவளுக்கே கேட்டது. மெக்கானிக் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில், திருகாணிகள் வைத்திருந்த தட்டு கவிழ்ந்தது.

சாயங்காலம் மாடிக்குப் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சிரித்த சிரிப்பில் மடித்ததையெல்லாம் மறுபடி மடிக்க வேண்டியதாயிற்று.

"ஏழு பக்கமா? நீயா? ஏண்டி, அஞ்சு பேர் குடும்பம் குட்டியெல்லாம் விட்டுட்டு உக்காந்து வாசிச்சிருக்காங்க. அவங்க தலையில கல்லப் போடப் போறியா?"

"இந்தத் தடவ முடிப்பேன்க்கா."

"உனக்கு ஆரம்பிக்க மட்டுந்தானே வரும்? பேசாம கடைசிப் பக்கத்துல இருந்து ஆரம்பி. முடிச்ச மாதிரியாவது இருக்கும்."

சின்னவள் கீழே இறங்கி வந்தாள். ஆத்திரம் என்றால் அப்படியோர் ஆத்திரம். கதவைச் சாத்தினாள், பியானோ முன்னால் உட்கார்ந்தாள், வேண்டுமென்றே ஏழாம் பக்கத்தைத் திறந்தாள். பார்த்துவிடலாம் என்று அவள் பல்லைக் கடித்தது அக்காவிடமா, புத்தகத்திடமா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது.

ஏழாம் பக்கத்தில் வலது கை பியானோவின் உச்சியிலிருந்து அடிவரை சரிந்து வரும். இடது கை அதே வேகத்தில் எதிரே ஏறும். முடிவில் இரண்டு கையும் சேர்ந்து ஓங்கித் தட்டும் மூன்று பெரிய தட்டுகள். நாளுக்கு இரண்டு வரி என்று மெதுவாகத் தடவித் தடவி வாசித்தாள். தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் முள்ளை நாளுக்கு ஒரு கோடு ஏற்றினாள். இரண்டு வாரத்தில் பக்கம் கைக்குள் வந்தது. அதன் பிறகு ஆறாம் பக்கம். அதைத் தட்டுத் தடுமாறி முடித்தால் எதிரே ஏழாம் பக்கம் தயாராக நின்றது!

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடமும் தெரிந்த இடத்தில் கிளம்பித் தெரியாத இடத்துக்குப் போகப் பார்த்தாள். பாதி வழியில் பயந்துபோய்த் திரும்பி ஓடிவந்தாள். இப்போது தெரியாத இடத்தில் கிளம்பித் தெரிந்த இடத்துக்கு வருகிறாள். ஊருக்குப் போனவள் தன் வீட்டுத் தெருவுக்குள் நுழைகிற மாதிரி இருந்தது. யாராவது தெருமுனையில் வந்து பயந்து திரும்பி ஓடுவார்களா?

ஐந்து, நான்கு, மூன்று என்று பின்னோக்கி நடந்தாள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் மேஜை விளிம்பில் விரல்கள் ஓடின. இடது கை மோதிர விரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதைத் தனியாக உட்கார்த்தி வைத்து வேலை வாங்கினாள். கணவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, மூணு மாசமா முடிவ மட்டுமே கேட்டுக்கிட்டிருக்கேன். இது எப்பத்தான் ஆரம்பிக்கும்?"

"கடைசியில ஆரம்பிக்கும்" என்றாள் அவள்.

கணக்குப் போட்டது எல்லாம் சரிதான். இரண்டாம் பக்கம் காலை வாரிவிட்டது. அவளுடைய சின்னக் கைக்கு எட்டாத அகலத்தில் அதில் சுரங்கள் கிடந்தன. சுண்டு விரலிலிருந்து கட்டை விரலுக்குத் தாவி விழக் கற்றுக்கொள்வதற்குள் மூன்று வாரம் போய்விட்டது. கச்சேரிக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நடனப் பள்ளி மாடியில் ஆறு பேரும் கடைசி ஒத்திகைக்குக் கூடினார்கள். சின்னவளின் முறை வந்தது. இரண்டாம் பக்கத்தில் ஆரம்பித்து ஏழாம் பக்கம்வரை வாசித்து முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முதல் பக்கம்?" என்று கேட்டார் மெக்கானிக்.

"நாளைக்குத்தான் எடுக்கணும்."

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"தெரியாமத்தான் கேக்கறேன். ஊர் உலகத்துல எல்லாரும் முதல் பக்கத்தத்தானே முதல்ல படிப்பாங்க?" என்றார் கணக்கு டீச்சர்.

"என் பஸ்ஸ டிப்போவுல இருந்து ரிவர்ஸ்லயே ஓட்டிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார் டிரைவர்.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஆறு நாள்ல முதல் பக்கம் வேகத்துக்கு வராது. நீங்க நின்னுட்டா எங்க ஒரு வருஷமும் போச்சு. நாங்க அஞ்சோட நிறுத்திக்கறோம். அஞ்சுன்னே நோட்டீஸ் மாத்திடலாம்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். இது அவளுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு வகுப்பிலும் ஏதோ ஒரு நாளில் யாரோ ஒருவர் இதே குரலில்தான் அவளை வழியனுப்பி வைத்திருக்கிறார்கள்.

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "ரெண்டுல இருந்து ஏழு வரைக்கும் அவங்க எங்கயாவது நின்னாங்களா, டீச்சர்?"

"இல்ல."

"ஒரு வருஷமா இங்க வர்றோம். நம்மள்ல யாராவது ஒருத்தர் ஒரு தடவையாவது நிக்காம கடைசி வரைக்கும் வந்திருக்கோமா?"

எல்லாருடைய முதல் பக்கமும் பளபள என்று இருந்தது. கடைசிப் பக்கங்களைப் பற்றி யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை என்பது அங்கே எழுதாத ஏற்பாடு. பல் டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஆறுன்னே இருக்கட்டும்" என்றார் மெக்கானிக். "நாமளும் போய் முடிவப் படிப்போம்."

முடிக்கிறவள் என்று சின்னவளை யாரோ ஒருவர் நம்பியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. படி இறங்கும்போது கண்ணீர் கண்ணை மறைக்கக் கைப்பிடியைத் தடவிக்கொண்டு இறங்கினாள்.

கடைக்கு விடுப்புச் சொன்னாள். முதல் பக்கத்தில் பதினாறு அளவுகள், அதாவது கோடு பிரித்த தாளக் கட்டங்கள். முக்கால் வேகத்தில் பசுவாக நடந்தது. முழு வேகத்தில் ஒன்பதாவது அளவில் இரண்டு கையும் ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டு போயின. திங்கள், செவ்வாய், புதன் என்று நாள்கள்தான் ஓடின. ஒன்பதாவது அளவு இருந்த இடத்திலேயே இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா வேலை முடிந்து சீருடையோடு நேரே உள்ளே வந்தாள்.

"இதென்னடி, புதுசா இருக்கு?"

"முதல் பக்கம். வரமாட்டேங்குதுக்கா."

அக்கா அவளுடைய கையை எடுத்து விரல் விரலாகப் பார்த்தாள். முனையெல்லாம் சிவந்து கன்றிப்போயிருந்தது. "முடியலன்னா விட்டுடுடி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அக்கா கிண்டல் செய்திருந்தால் சின்னவள் தாங்கியிருப்பாள். அக்கா பாவம் பார்த்தது தாங்கவில்லை.

"விடமாட்டேன்" என்றாள். "நீ மேல போ. எனக்கு வேலையிருக்கு."

சனிக்கிழமை. நூலக அரங்கில் நூற்றிருபது பேர். பாதிப் பேர் சின்னவள் பொருத்திக் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறும் முடியும்வரை கைதட்ட வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் முதலில் வாசித்தார். டீச்சர் ஒரு சுரம் பிசகாமல் முடித்தார். டிரைவர் நான்கு இடத்தில் இடித்துக்கொண்டாலும் வண்டியை நிறுத்தவில்லை. பேக்கரிக்காரர், பல் டாக்டர். ஐந்து பேரும் கரையேறிவிட்டார்கள். ஒவ்வொருவர் முடிக்கும்போதும் சின்னவளின் தோளில் ஒரு மூட்டை ஏறியது.

உட்கார்ந்தாள். ஆரம்பித்தாள்.

முதல் வரி வந்தது. இரண்டாம் வரியும் எப்படியோ வந்தது. ஒன்பதாவது அளவில் வலது கை வழி தவறிப் பக்கத்துக் கட்டைகளில் போய் விழுந்தது. நில்லு, மறுபடி முதலிலிருந்து வா என்றது கை. நாற்பத்து மூன்று வருடமாக அது சொல்வதைத்தான் அவள் கேட்டுவந்திருக்கிறாள். முதல் வரிசையில் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

இடது கை மட்டும் நிற்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காத அந்த மோதிர விரலும் சேர்ந்துகொள்ள, அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு அளவு முழுக்க ஒற்றைக் கை. போனது போகட்டும், திரும்பிப் பார்க்காதே என்று தன்னையே அதட்டினாள். பன்னிரண்டாவது அளவில் வலது கை ஓடிவந்து தொற்றிக்கொண்டது. பதினாறு. பக்கம் திரும்பியது.

இரண்டாம் பக்கம் அவளுக்குத் தெரியும். மூன்றாம் பக்கம் இன்னும் நன்றாகத் தெரியும். மற்றவர்கள் களைத்துப்போகிற இடத்தில் அவளுக்குத் தெம்பு ஏறியது. நான்காம் பக்கத்தில் கூன் விழுந்திருந்த முதுகு நிமிர்ந்தது. ஐந்தாம் பக்கத்தில் சந்தோஷம் பொங்கியது, சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல் இருந்தது. ஆறு. வேகம் அவளை இழுக்கவில்லை, அவள்தான் வேகத்தை இழுத்துக்கொண்டு போனாள். ஏழாம் பக்கத்தை அவள் ஆயிரம் தடவையாவது வாசித்திருப்பாள். ஆனால் ஆறு பக்கத்தையும் கடந்து இவ்வளவு தூரத்திலிருந்து அங்கே வந்து சேர்ந்ததில்லை. வலது கை உச்சியிலிருந்து சரிந்தது, இடது கை ஏறியது, மூன்று தட்டுகளும் அரங்கின் கண்ணாடிகள் அதிர விழுந்தன.

"முடிச்சுட்டா!" நான்காவது வரிசையில் அக்கா எழுந்து நின்று கத்தினாள். "என் தங்கச்சி முடிச்சுட்டா!"

அதோடு அரங்கமே எழுந்தது. டீச்சர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். டிரைவர் விசிலடித்தார். மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே மேடையேறினார். ஐந்து பேரும் வரிசையாக நின்று குனிந்து வணங்கக் காத்திருந்தார்கள். சின்னவள் எழுந்திருக்கவில்லை. கட்டைகள்மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

அக்கா ஜனங்களை விலக்கிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டாள். முகமெல்லாம் கண்ணீர். "எந்திரிடி. எல்லாரும் உனக்காகத்தான் நிக்கறாங்க. முடிஞ்சுடுச்சு."

"தெரியும்க்கா" என்றாள் சின்னவள். "இங்க நான் வந்ததே இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேனே."

அக்கா தங்கையை இடித்துத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு, அந்தப் பெஞ்சிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.